வேலியோரம் வெறுமையானால் விளைநிலம் தேயும்

கல்வராயன் மலையடிவார விவசாயிகளுக்கு உயிர்வேலி தரும் பயன்கள்

கச்சிராயபாளையம், சின்னசேலம், சங்கராபுரம் பகுதிகளில் மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு வயல்களைச் சுற்றி இப்போது கண்ணில் படுவது கல்தூணும் கம்பியும்தான். பல வயல்களில் அதுவும் இல்லை. வரப்பு ஓரடி அகலத்துக்குத் தேய்ந்து, அதன்மேல் பார்த்தீனியம் மட்டும் நிற்கிறது. முன்பு அந்த இடத்தில் கிளுவையும் நொச்சியும் களாவும் சங்கஞ்செடியும் அடர்ந்து நின்றதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

வேலியை அழித்ததற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ஒவ்வொரு சென்ட் நிலமும் பெரிதாகத் தெரிந்தது. டிராக்டர் திரும்ப இடம் தேவைப்பட்டது. வேலியில் பாம்பு அடையும் என்ற அச்சமும் இருந்தது. ஆனால் வேலி போனபின் மண் அரிப்பு கூடியிருக்கிறது. மருந்துச் செலவு கூடியிருக்கிறது. காட்டுப்பன்றியின் தொல்லையும் கூடியிருக்கிறது. இந்த மூன்றையும் ஒருங்கே குறைக்க, சிறு விவசாயி தன் கையால், மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. நம் மண்ணுக்கே உரிய செடிகளைக் கொண்டு உயிர்வேலி அமைப்பதுதான் அது.

மலை மண் அணைக்குப் போகிறது

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம் போன்ற ஓடைகள் வழியாகக் கோமுகி அணைக்கு வருகிறது. மணிமுக்தா ஆறும் இம்மலையில் பிறப்பதே. கோமுகி மணிமுக்தாவில் கலந்து, மணிமுக்தா வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி, மணிமுக்தா அணையின் உயரம் 36 அடி. மேலிருந்து வரும் மண் அணையின் அடியில் படியப் படிய, அதே 46 அடிக்குத் தேங்கும் தண்ணீரின் அளவு குறைந்துகொண்டே போகும். மலைமேல் ஒருவர் நிலத்தில் மண் கரைந்தால் கீழே மற்றொருவர் வயலுக்கு வரும் பாசனம் குறைகிறது.

கரையும் மண்ணின் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் மேல்மண் ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குக் கரைந்தால், போகும் மண்ணின் எடை சுமார் 5 டன். ஒரு மில்லிமீட்டர் குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தொழு உரத்தின் சத்தும், நாம் காசு கொடுத்து வாங்கிப்போட்ட உரத்தின் பெரும்பகுதியும் தங்கியிருப்பது இந்த மேல்மண்ணில்தான்.

மரவள்ளி இதில் தனிக் கவனம் வேண்டும் பயிர். இடைவெளி விட்டு நடுகிறோம். இலை விரிந்து தரையை மூட இரண்டு மூன்று மாதம் பிடிக்கிறது. அதுவரை செம்மண் திறந்தே கிடக்கிறது. கோடை மழையின் பெருந்துளிகள் நேராக அதன்மேல் விழுகின்றன. அறுவடையில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் மறுபடியும் கிளறப்படுகிறது. ஆகவே சரிவான நிலத்தில் மரவள்ளி போடுபவர்கள் பாரைச் சரிவுக்குக் குறுக்கே பிடிக்க வேண்டும். முதல் இரண்டு மாதத்தில் உளுந்து, தட்டைப்பயறு போன்ற குறுகிய காலப் பயிரை ஊடுபயிராக விதைத்துத் தரையை மூடவேண்டும். மிகச் சரிவான மலை நிலங்களுக்கு நெருங்கி வளரும் சாமையும் தினையும் பொருத்தமானவை. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலுள்ள சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து சிறுதானியங்களை இயற்கை முறையில் விளைவித்து, மதிப்புக் கூட்டி விற்று வருவது நமக்கு அருகிலுள்ள நல்ல முன்மாதிரி.

இவற்றோடு நிலத்தின் பள்ளப்பக்கத்தில் ஒரு வரிசை வெட்டிவேரும் ஒரு வரிசை செடியும் இருந்தால், ஓடிவரும் நீர் அங்கே வேகம் தணிந்து மண்ணை இறக்கிவிட்டுப் போகும். ஆண்டுக்கு ஆண்டு அந்த இடத்தில் மண் உயர்ந்து வரப்பு தானாகவே அகலமாகும்.

மாவுப்பூச்சிக்கு எதிரி வேலியோரத்தில்

உயிர்வேலியின் இரண்டாவது பயன் பூச்சிக் கட்டுப்பாடு. இதற்கு மரவள்ளியே சான்று.

மரவள்ளி மாவுப்பூச்சி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, மக்கள் அன்றாடம் உண்ணும் மரவள்ளியைப் பாழாக்கியது. மருந்தால் அதை அடக்க முடியவில்லை. 1981-இல் பராகுவே நாட்டில் அதன் இயற்கை எதிரியான சிறு குளவி கண்டுபிடிக்கப்பட்டது. அனகைரஸ் லோபெசி என்னும் இக்குளவி எறும்பைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். இக்குளவியை ஆப்பிரிக்க நாடுகளில் பரப்பிய பணிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் திருச்சூரில் முதன்முதலாகத் தென்பட்டது. பிறகு தமிழ்நாட்டு மரவள்ளிப் பகுதிகளிலும் பரவியது. செடியின் நுனி கொத்தாகச் சுருங்கி, கணுக்கள் குட்டையாகி நின்றதைப் பல விவசாயிகள் பார்த்திருப்பார்கள். பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் நமக்குப் பக்கத்திலுள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. இதற்கு முன் பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் தோன்றி மரவள்ளி, மல்பெரி, பப்பாளி எல்லாவற்றையும் தாக்கியபோதும், 2010-இல் கொண்டுவரப்பட்ட அசிரோஃபேகஸ் என்ற குளவிதான் அதை அடக்கியது.

குளவியை வயலில் விட்டால் மட்டும் போதாது. அது அங்கே தங்கிப் பெருகவும் வேண்டும். ஒட்டுண்ணிக் குளவிகளுக்குப் பூவின் தேன் கிடைத்தால் கூடுதல் நாட்கள் உயிர் வாழ்ந்து கூடுதலாக முட்டையிடும். வெயில் கடுமையில் ஒதுங்க நிழலும் வேண்டும். எட்டுத் திசையும் வெட்டவெளியாக, பூவே இல்லாத வயலில் இவை இரண்டும் இல்லை. தும்பை, துளசி, ஆவாரை, நொச்சி பூத்து நிற்கும் வேலியில் இரண்டும் உண்டு.

மக்காச்சோளத்துக்கும் இது பொருந்தும். 2018-இல் நம் நாட்டுக்குள் வந்த படைப்புழுவைக் கட்டுப்படுத்த, வயலைச் சுற்றி வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, துவரை விதைக்கும்படி வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதற்குக் காரணமும் நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இடமளிப்பதே. கரும்பில் இடைக்கணுப்புழுவுக்கு 4-ஆம் மாதம் முதல் 15 நாட்களுக்கு ஒருமுறை டிரைக்கோகிரம்மா முட்டை அட்டை கட்டுபவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வேலியில் வந்தமரும் கரிச்சான், மைனா, கொண்டலாத்தி ஆகியவை புழுவைப் பொறுக்கித் தின்னும். கூகையும் சாரைப்பாம்பும் எலியைப் பிடிக்கும். செடி வளரும்வரை ஏக்கருக்கு 20 இடங்களில் பறவைத் தாங்கிக் குச்சிகளை நட்டுவைக்கலாம்.

காட்டுப்பன்றியும் மின்கம்பியும்

காப்புக்காட்டை ஒட்டிய ஊர்களில் காட்டுப்பன்றி ஒரே இரவில் மரவள்ளிக் கொல்லையைக் கிளறிப் போட்டுவிடுகிறது. இந்த நட்டத்தின் வேதனை சிறிதல்ல. ஆனால் அதைத் தடுக்கச் சிலர் மின்வாரியக் கம்பியிலிருந்து கொக்கி போட்டு, வயலைச் சுற்றி வெறுங்கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவது பேராபத்து. இரவில் தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்து நிலத்துக்காரரையும், மாடு தேடி வந்த பிள்ளையையும் அந்தக் கம்பி வேறுபடுத்திப் பார்க்காது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட கம்பியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. அவற்றின் இரண்டு குட்டிகள் அனாதையாக நின்றன. அந்த ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. சூரிய சக்தி மின்வேலி போட விரும்புவோரும் முன்கூட்டியே வனத்துறையைக் கேட்டுக்கொள்வது நல்லது. கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது எந்த நிலையிலும் குற்றமே.

முள் அடர்ந்த உயிர்வேலியும் அதன் வெளிப்பக்கம் ஓர் அகழியும் சேர்ந்தால் பன்றியின் வரத்து குறையும். முற்றிலும் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது; வேலி அடர மூன்று ஆண்டுகளும் ஆகும். அதுவரை மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கை நெருக்கமாக நான்கு வரிசை விதைக்கலாம். ஆமணக்கின் வாடை பயிரின் வாடையை மறைப்பதாலும், அதன் இலையைப் பன்றி விரும்பாததாலும் சேதம் குறைகிறது. ஆமணக்கு விதை கால்நடைக்கு நஞ்சு என்பதை மறக்க வேண்டாம்.

எந்தச் செடி, எந்த இடத்துக்கு?

கொங்கு நாட்டில் காங்கயம் மாடுகள் மேயும் கொறங்காடுகளைப் பார்த்தவர்கள் முள்கிளுவை வேலியின் உறுதியை அறிவார்கள். மழை குறைந்த அந்த மண்ணில், கம்பியே இல்லாமல், தலைமுறை தலைமுறையாக மாட்டை உள்ளேயும் நாயை வெளியேயும் நிறுத்தி வைத்திருக்கிறது அந்த வேலி. நம் பகுதிக்கு ஏற்ற செடிகளைக் கீழ்க்கண்டவாறு தேர்ந்தெடுக்கலாம்.

பன்றி வரும் பக்கத்துக்கு: முள்கிளுவை, களா, சங்கஞ்செடி, இலந்தை, சூரை. இவை முள்ளுள்ளவை. களாக்காய் ஊறுகாய்க்கு ஆகும். இலந்தைப் பழம் பிள்ளைகளுக்கும் பறவைகளுக்கும் ஆகும்.

ஆடு மாடு நடமாடும் பாதையோரத்துக்கு: நொச்சி, ஆடாதோடை, விராலி. இவற்றை ஆடு தின்னாது. நொச்சி இலையைத் தானியக் குதிரில் போடும் வழக்கம் நம் வீடுகளில் உள்ளதே.

சரிவின் பள்ளப்பக்கத்துக்கு: வெட்டிவேர் ஒரு வரிசை, அதன்பின் நொச்சி அல்லது விராலி ஒரு வரிசை. நிலம் நீண்ட சரிவாக இருந்தால், 4 முதல் 5 அடி இறக்கத்துக்கு ஒரு வெட்டிவேர் வரிசை வீதம் இடையிலும் நடவேண்டும்.

வேலியின் இடையிடையே: 30 அடிக்கு ஒன்றாக வேம்பு, புங்கம், வெள்வேல், நாவல், பனை. ஓடைக்கரையில் மருதம். மலைமேல் கடுக்காய். பயிருக்கு நிழல் தட்டாதபடி மரங்களை வடக்குப் பக்கத்தில் அதிகமாகவும் மற்றப் பக்கங்களில் குறைவாகவும் நிறுத்தலாம்.

வீட்டுக்கு அருகிலுள்ள வேலியில்: பிரண்டை, கோவை, முடக்கத்தான், தூதுவளை. இவை ஏறிப் படர்ந்தால் வேலி கீரைத் தோட்டமும் ஆகும். கொசுத்தேனீயும் அடுக்குத்தேனீயும் வந்து, கொல்லையிலுள்ள பூசணி, பாகல், பீர்க்கு நன்றாகக் காய்ப்பதையும் காணலாம்.

சீமைக்கருவேல், உண்ணிச்செடி இரண்டையும் வேலிக்கு நட வேண்டாம். இரண்டும் நம் மண்ணுக்கு வெளியிலிருந்து வந்து, வேலியைத் தாண்டி வயலையும் காட்டையும் பிடித்துக் கொள்பவை. மரவள்ளிக்கு அருகில் செம்பருத்தி வேண்டாம். பப்பாளி மாவுப்பூச்சி அதில் தங்கிப் பெருகும். அதே காரணத்துக்காகப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும்.

நடும் முறை

முதலில் குழியும் வரப்பும். 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு நீளக்குழி எடுத்து, அந்த மண்ணைக் கொண்டே வரப்பை உயர்த்த வேண்டும். பள்ளப்பக்கமானாலும் காட்டுப்பக்கமானாலும் குழி மேட்டுப்பக்கத்திலும், வரப்பு குழிக்குக் கீழ்ப்பக்கத்திலும் அமைய வேண்டும். அப்போது பள்ளப்பக்கக் குழி நம் நிலத்து மண்ணையும் நீரையும் பிடித்து வைக்கும். காட்டுப்பக்கக் குழி மலையிலிருந்து வரும் வெள்ளத்தைத் தாங்குவதோடு பன்றிக்கு அகழியாகவும் ஆகும். குழியில் 15 அடிக்கு ஓரிடத்தில் மண்ணை வெட்டாமல் தடுப்பாக விடவேண்டும். மிகத் தாழ்ந்த இடத்தில் கல் அடுக்கி, மிகுதி நீர் வழிந்து போக வழி விடவேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஐப்பசி அடைமழையில் வரப்பு உடையும்.

கிளுவை: சித்திரையில் இலை உதிர்ந்து நிற்கும்போது 3 முதல் 4 அடி நீளமுள்ள முற்றிய போத்துகளை வெட்டி, சில நாட்கள் நிழலில் வைத்து, வெட்டுவாய் உலர்ந்தபின் கோடை மழை ஈரத்தில் ஓரடி ஆழத்துக்கு நடவேண்டும். போத்துக்குப் போத்து ஓரடி. இரண்டு வரிசையாக, முன் வரிசையின் இடைவெளியில் பின் வரிசை வருமாறு நட்டால் அடர்த்தியாகும்.

நொச்சி, ஆடாதோடை: ஆடி, ஆவணி மழையில் ஓரடி நீளக் குச்சிகளை நடலாம். விராலி விதையை வெந்நீரில் ஊறவைத்துப் பிறகு விதைத்தால் நன்றாக முளைக்கும். களா விதை வெகுநாள் முளைப்புத்திறன் தாங்காது. பழம் பழுத்தவுடன் எடுத்து விதைத்துவிட வேண்டும். வெட்டிவேரை அரை அடிக்கு ஒரு குத்தாக, குத்துக்கு மூன்று தூர் வைத்து நடவேண்டும்.

போத்தும் குச்சியும் சொந்த வேலியிலிருந்தோ அக்கம்பக்கத்து நிலத்திலிருந்து கேட்டு வாங்கியோ எடுக்க வேண்டும். காப்புக்காட்டில் வெட்டக்கூடாது.

முதல் இரண்டு ஆண்டு ஆடு கடிக்காமல் காவல் வேண்டும். காய்ந்த முள்ளை வெளியே போட்டு வைக்கலாம். பட்டுப்போன இடங்களை அடுத்த மழையில் நிரப்ப வேண்டும். மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுக்கொருமுறை 4 அடி உயரத்தில் கவாத்து செய்து, வெட்டிய தழையைப் பயிருக்கு மூடாக்காக இடலாம்.

எவ்வளவு நிலம் போகும்?

சிறு விவசாயி கேட்கும் முதல் கேள்வி இதுதான், கேட்கவும் வேண்டும். சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 209 அடி. சுற்றளவு சுமார் 835 அடி. நான்கு பக்கமும் 4 அடி அகலத்தில் வேலிக்கு விட்டால் ஏறத்தாழ ஏழரை சென்ட் போகும். ஓர் ஏக்கரே உள்ளவருக்கு இது அதிகம்தான். ஆகவே நான்கு பக்கமும் ஒரே ஆண்டில் தொடங்க வேண்டியதில்லை. முதலில் பள்ளப்பக்கம் ஒன்றில் மட்டும் 3 அடி அகலத்தில் நடுங்கள். அதற்குப் போகும் நிலம் ஒன்றரை சென்ட்டுக்கும் குறைவு. இரு வரிசைக்குப் போத்து சுமார் 420 போதும். பக்கத்து நிலத்துக்காரரும் சம்மதித்தால் இருவர் பொது வரப்பில் ஒரே வேலியாக நட்டு, நிலத்தையும் உழைப்பையும் பாதியாகப் பகிர்ந்து கொள்ளலாம். எல்லைக்கல்லை இருவரும் சேர்ந்து சரிபார்த்த பின்னரே நடுவது பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும்.

ஐயங்களும் விளக்கங்களும்

"வேலிச் செடி பயிரின் உரத்தை உறிஞ்சாதா?"

ஓரத்து ஒன்றிரண்டு வரிசையில் சிறிது உறிஞ்சும். ஆண்டுக்கொருமுறை வேலியிலிருந்து 2 அடி தள்ளி ஆழமாக ஒரு சால் ஓட்டினால், பயிரின் பக்கம் வரும் வேர் அறுபடும். மேட்டுப்பக்கம் குழி உள்ள இடத்தில் அந்தக் குழியைத் தூர்வாரும்போதே இது முடிந்துவிடும். தூர்வாரிய மண் நம் மேல்மண்ணே. அதை வயலில் திரும்பக் கொட்ட வேண்டும்.

"பாம்பு வராதா?"

வேலியில் பாம்பு இருக்கும். வயலில் எலி இருக்கும்வரை வேலி இல்லாவிட்டாலும் பாம்பு வரும். வீட்டை ஒட்டிய வேலியின் அடியைக் கூட்டிச் சுத்தமாக வைப்பதும், இரவில் கைவிளக்கும் காலணியும் இல்லாமல் வயலுக்குப் போகாதிருப்பதும் தக்க காப்பு. கடித்துவிட்டால் மந்திரம், கட்டு என்று நேரம் போக்காமல் அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

"பூச்சி வந்தால் மருந்தே அடிக்கக் கூடாதா?"

மரவள்ளி நுனியை விரித்துப் பாருங்கள். மாவுப்பூச்சிகளுக்கிடையே உப்பிப் பழுப்பு நிறமான கூடுகள் தென்பட்டால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். அப்போது கடுமையான மருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும். நுனியைக் கிள்ளி அழிப்பதும், பூச்சியில்லாத வயலிலிருந்து விதைக்குச்சி எடுப்பதும் முதல் வேலை. மருந்து தேவைதானா என்பதை ஏத்தாப்பூர் நிலையத்தையோ, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ கேட்டு முடிவு செய்யலாம்.

விவசாயப் பெருமக்களே, ஓரடி மேல்மண் உருவாக எத்தனையோ தலைமுறைகள் ஆகின்றன. அது கரைந்து போக நம் ஒருவர் ஆயுட்காலமே போதும். வரும் சித்திரையில் பள்ளப்பக்க வரப்பை மட்டும் உயர்த்தி, கோடை மழை ஈரத்தில் கிளுவைப் போத்து நட்டு, ஆடியில் நொச்சியும் வெட்டிவேரும் சேர்த்துவிடுங்கள். மறு ஆண்டு மழை முடிந்ததும் அந்தக் குழியில் படிந்திருக்கும் மண்ணைக் கூடை கணக்கில் அளந்து பாருங்கள். இத்தனை ஆண்டும் உங்கள் நிலத்திலிருந்து கோமுகிக்குப் போய்க்கொண்டிருந்தது எவ்வளவு என்பது விளங்கும். அடுத்த பக்கத்துக்கும் வேலி நடுவதா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.